எறும்பு வளர்க்கும் பட்டாம்பூச்சி

நேயர்களுக்கு வணக்கம். நம் ஊர் புல்தரையில் கணுக்கால் உயரத்தில் பறக்கும் குட்டி நீலப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு இங்கிலாந்தில் ஒரு உறவுக்காரர் உண்டு. பெயர் பெரிய நீலன். பெரிய என்றாலும் இறக்கையை விரித்தால் 4, 5 சென்டிமீட்டர்தான்.

கோடையில் இது தைம் செடியின் மொட்டில் முட்டையிடும். தைம், துளசிக் குடும்பத்துச் செடி; தரையோடு படரும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்னும். ஒரே பூங்கொத்தில் இரண்டு புழு இருந்தால், ஒன்று மற்றதைத் தின்றுவிடும். அப்புறம் ஒரு சாயங்காலம் கீழே விழுந்து அசையாமல் கிடக்கும்.

ஒரு சிவப்பு எறும்பு வருகிறது. உணர்கொம்பால் தட்டிப் பார்க்கிறது. புழு ஒரு சொட்டு இனிப்பு நீர் விடுகிறது, எறும்பு நக்குகிறது. கொஞ்ச நேரம் இப்படிப் போனபின் புழு உடம்பை உப்பி நிமிர்கிறது. அவ்வளவுதான். ‘நம் வீட்டுப் பிள்ளை தெருவில் கிடக்கிறதே’ என்பதுபோல எறும்பு அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் போய்விடும்.

போன பிள்ளை செய்யும் வேலை என்ன தெரியுமா? சுமார் பத்து மாதம் எறும்பின் குஞ்சுகளையே தின்று கொழுக்கும்! வாசனை எறும்புக் குஞ்சின் வாசனை, எழுப்பும் ஓசை ராணி எறும்பின் ஓசை. எறும்புகளுக்குச் சந்தேகமே வராது. அங்கேயே கூட்டுப்புழுவாகி, கசங்கிய இறக்கையோடு ஊர்ந்து வெளியே வரும்.

இந்தப் பூச்சி 1979இல் பிரிட்டனில் அற்றுப்போனது. சேகரிப்பவர்கள் பிடித்தே தீர்த்துவிட்டார்கள் என்று நம்பி, முன்பே சில இடங்களில் வேலி போட்டிருந்தார்கள். வேலி ஆளை மட்டுமா தடுக்கும்? ஆடு மாட்டையும் தடுத்தது. 1950களில் முயல்களும் கொள்ளைநோயில் மடிந்தன. புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, வெயில் சூடு தேவைப்பட்ட அந்த எறும்பு இனம் போய்விட்டது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

சரி, மாடுகளை மறுபடி மேயவிட்டார்கள். 1983இல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் உள்ள காலர்ட் குன்றில் ஜூன் மாதம் போனால் பெரிய நீலனைப் பார்க்கலாம். கீழே குனிந்து தேடுங்கள். அங்கே புல் ஒரு விரல் உயரம்கூட இருக்காது.