பித்தப்பைச் சுவரும் காலை ஆறு மணி வேனும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, கடைசிவரை இருப்பதாக வாக்களித்திருக்கும் டத்தோ அவர்களே, மாரியம்மன் கோயில் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி தூக்கிப்போட்ட தம்பிகளே, பின்வரிசை அக்காமார்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. சிரிக்கிறீர்கள்! தோட்டத்து டிரெசராக, அதாவது மருந்து கொடுக்கிற மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்திலிருந்தே இதைத்தானே சொல்கிறேன். இன்று மூன்று செய்திகள்: பித்தப்பைச் சுவர், ஆப்பரேஷன், சாப்பாடு.

சிலருக்குப் பிறவியிலேயே பித்தநீர் வரும் குழாயான பித்தநாளமும் கணைய நீர் வரும் கணையநாளமும் குடற்சுவருக்கு வெளியிலேயே கூடிவிடும். அங்கே திறந்து மூடும் தசையின் பிடி எட்டாது. கணைய நீர் எதிரேறிப் பித்தப்பையில் தேங்கும். உணவைக் கரைக்கிற நீர், சும்மா இருக்குமா? உட்சவ்வு புண்பட்டுப் புண்பட்டு மிகையாக வளரும். மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டிய சுவர் தடிக்கும். ஆண்டுக்கணக்கில் விட்டால் புற்றாகவும் மாறலாம், அதுதான் யானை. ஆசியர்களிடம், அதிலும் பெண்களிடம், இந்தப் பிறவிக் கோளாறு அதிகம். சிலருக்குப் பித்தநாளம் பலூன்போல் வீங்கும். ஸ்கேனில் கண்ணில் படும். வீங்காதவர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சுவர்த் தடிப்புதான் மணியோசை. கல், அழற்சி, கல்லீரல் நோயாலும் சுவர் தடிக்கும், உடனே அழவேண்டாம்.

என் அண்ணி அழுதார். ரப்பர் மரம் சீவிய கை அவருக்கு. சோறு உண்டதும் வலி. நானே 'வாயு' என்று மருந்து கொடுத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஸ்கேனுக்கு ஈப்போ போகவேண்டும். முந்தின இரவு ஏழுக்குச் சாப்பிட்டவர், எட்டரை பஸ் ஒன்பதரைக்கு வந்தது, இறங்கியதும் கண் இருட்டியது. இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் உள்ளே போனது. ஸ்கேன் அறையில் கேட்டார்கள்:

"ஆண்ட்டி, சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா, பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

ரவிக்கையில் பருப்புக் குழம்பு! சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கும், சுருங்கினால் நல்ல சுவரும் தடிப்பாய்த் தெரியும். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. அன்று வெறும் வயிறு, அப்போதும் தடிப்பு. எம்.ஆர்.ஐ.யில் நாளங்கள் கூடும் இடம் தெரிந்தது. நாளம் வீங்கவில்லை, பித்தப்பையை மட்டும் எடுத்தார்கள். இதோ, மூன்றாவது வரிசையில் என்னை முறைக்கிறார்.

யானை பஸ்ஸுக்குக் காத்திருக்காது, டத்தோ அவர்களே. கோயிலுக்குப் பின்னால் டயர் இறங்கி ஒரு வேன் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு அது புறப்பட்டால் வெறும் வயிற்றுக்காரர்கள் எட்டு மணிக்குள் ஸ்கேன் வாசலில் நிற்பார்கள். ஓட்ட நான் இருக்கிறேன்.

ஆப்பரேஷனையும் சாப்பாட்டையும் இன்னொரு நாள் பேசுகிறேன். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ரோட் டேக்ஸ் மட்டும் தைப்பூசத்தோடு முடிந்துவிட்டது, டத்தோ.