பிசிசிக்கு எத்தனை இன்ச் பேரல் வேணும்? 16-ங்கற நம்பர் எங்கருந்து வந்துச்சு?

வணக்கங்க. பிசிசின்னா பிஸ்டல் கேலிபர் கார்பைன், பிஸ்டல் தோட்டா போடற ரைஃபிள். இன்னிக்கு கிளப் மேட்ச் முடிச்சுட்டு நேரா கராஜுக்கு வந்து கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். குளிக்கக்கூட இல்ல. மனசுல இருக்கறது ஆறிப்போறதுக்குள்ள சொல்லிடணும்னுதான்.

மூணாவது ஸ்டேஜ்ல ஒரு பலகைச் சுவர், அதுல முழங்கால் உயரத்துல ஒரு போர்ட், அதாவது சுடறதுக்கான ஓட்டை. குனிஞ்சு, துப்பாக்கியை உள்ள விட்டு, ரெண்டு டார்கெட் அடிச்சுட்டு, வெளிய இழுத்துட்டு இடப்பக்கம் ஓடணும். என் பழைய கார்பைன்தான் எடுத்துட்டுப் போயிருந்தேன். 16 இன்ச் பேரல், அதுக்கு மேல ஒரு காம்ப் (காம்பன்சேட்டர், கேஸைத் திருப்பிவிட்டு முனை எழும்பாம பிடிக்கற துண்டு). வெளிய இழுக்கும்போது காம்போட விளிம்பு பலகையில டக்குனு மாட்டிக்கிச்சு. அவசரத்துல துப்பாக்கியைச் சாய்ச்சு இழுத்தா முனை பின்பக்கம் திரும்பக் கூடாதுங்கற 180 டிகிரி கோட்டைத் தாண்டிடும், அப்படியே டிஸ்குவாலிஃபை. அதனால நின்னு, நேரா இழுத்து, அப்புறம்தான் ஓடினேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கு வீடியோ பேரல் நீளத்தைப் பத்திதான்.

உங்கள்ல நிறைய பேர் கேக்கறீங்க: "அண்ணா, பிசிசிக்கு 16 இன்ச்தான் பெஸ்ட்டா? எல்லாக் கடையிலயும் அதானே இருக்கு?" எல்லாக் கடையிலயும் இருக்கறதுக்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். 1934-ல வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், என்எஃப்ஏ. தோள்ல வச்சுச் சுடற ரைஃபிளுக்குப் பேரல் 16 இன்ச்சுக்குக் குறைஞ்சாலோ, மொத்த நீளம் 26 இன்ச்சுக்குக் குறைஞ்சாலோ அது வேற வகைக்குப் போயிடும்: எஸ்பிஆர், ஷார்ட் பேரல்டு ரைஃபிள். அதைத் தனியாப் பதிவு பண்ணணும். அதனாலதான் ரூகர் பிசி கார்பைன் 16.12 இன்ச்னு வருது. கோட்டைத் தொடாம ஒரு மயிரிழை தள்ளி நிக்கறாங்க. 9 எம்எம் தோட்டா எப்படி ஓடுதுன்னு பார்த்து வச்ச அளவு இல்ல அது.

தோட்டா எப்படி ஓடுதுன்னும் பாத்துடுவோம். நாம ஆடற துப்பாக்கிப் போட்டிகளை நடத்தற அமெரிக்கச் சங்கம் யூஎஸ்பிஎஸ்ஏ-ல பிசிசி டிவிஷன் 2016-ல வந்துச்சு, அதுல எல்லாருக்கும் மைனர் ஸ்கோரிங்தான், அதாவது பலம் கம்மியான தோட்டாவுக்கான புள்ளிக் கணக்கு. பவர் ஃபேக்டர் 125 தாண்டினா போதும். புல்லட் எடை கிரெயின்ல, வேகம் வினாடிக்கு அடியில, ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும். 147 கிரெயின் புல்லட் 900 அடி வேகத்துல போனா 132.3, தாராளமாப் பாஸ். மேஜர்னு ஒண்ணு கிடையாது, அதனால வேகம் கூட்டி ஒரு புள்ளியும் கூடக் கிடைக்காது. உதைதான் கூடும்.

நாம போடற பிஸ்டல் பவுடர் வேகமா எரியறது. முதல் சில இன்ச்சுலயே எரிஞ்சு முடிஞ்சுடும். அதுக்கப்புறம் இருக்கற கேஸ் விரிஞ்சு விரிஞ்சு தள்ளும், அந்த அழுத்தமும் இறங்கிக்கிட்டே வரும், பேரலோட உராய்வு மட்டும் அப்படியே இருக்கும். லேசான புல்லட், மெதுவா எரியற பவுடர்னா 16 இன்ச் வரைக்கும் கொஞ்சம் வேகம் கூடும். மென்மையா லோடு பண்ணின 147-க்கு அது ரொம்பச் சீக்கிரமே நின்னுடும். நானே புல்லட் வேகத்தை அளக்கற குரோனோகிராஃப் வச்சுப் பாத்தேன். 8 இன்ச் பேரலுக்கும் 16 இன்ச்சுக்கும் வந்த வித்தியாசம், ஒரே பேரல்ல ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் தானா வர்ற வித்தியாசத்தை விடக் கம்மி.

துல்லியம்? நீளமான பேரல் நேராச் சுடும்ங்கற நம்பிக்கை சைட் ரேடியஸ், அதாவது முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவுல இருக்கற தூரம், பாத்த காலத்துது. நாம ஒரே சிவப்புப் புள்ளியைக் காட்டற ரெட் டாட் சைட் போடறோம், அந்தக் கணக்கே இங்க இல்ல. 25 யார்டுல ஒரு நல்ல 8 இன்ச் பேரல் எந்தக் குறையும் வைக்காது.

அப்போ எதைப் பாத்து நீளத்தை முடிவு பண்றது? என்னைக் கேட்டா, முன்பக்கம் எவ்வளவு எடை தொங்குதுன்னு பாருங்க. இதைக் கையில எடுத்தே காட்டறேன். இருங்க, முதல்ல... மேகசின் வெளிய. போல்ட் பின்னால. சேம்பர்ல மஞ்சள் கொடி மாட்டியிருக்கேன், தெரியுதா? சரி. இப்ப ஹேண்ட்கார்டுக்கு, அதாவது பேரலைச் சுத்தி முன்கை பிடிக்கற உறைக்கு, அடியில ஒரு விரலை வச்சு நிறுத்தறேன். பழைய துப்பாக்கி எங்க நிக்குது பாருங்க, மேகசின் வெல்லுக்கு (மேகசின் சொருகற குழிக்கு) நாலு விரல் முன்னால. இப்ப இன்னொண்ணு. இதுவும் சட்டப்படி 16 இன்ச்தான். ஆனா இது மேகசின் வெல் மேலயே நிக்குது.

உலக்கையை நடுவுல பிடிச்சுத் திருப்பிப் பாருங்க, குழந்தை கூடத் திருப்பும். அதையே ஒரு முனையில பிடிச்சு இடமும் வலமும் ஆட்டிட்டு, ஒரு புள்ளியில சட்டுனு நிறுத்துங்க பாப்போம். தோள்லருந்து ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கற எடை, திருப்பும்போது நாலு மடங்கு பாரம் காட்டும். கிளப்பறதுக்கு மட்டும் இல்ல, நிறுத்தறதுக்கும்தான். டார்கெட்டைத் தாண்டி டாட் ஓடிட்டுத் திரும்பி வருதுல்ல, பாதி நேரம் அது இந்த எடை பண்ற வேலை. ஸ்டீல் சேலஞ்ச் ஆடறவங்களுக்கு நல்லாவே தெரியும். அங்க போர்ட் கிடையாது, சுவர் கிடையாது, பெட்டிக்குள்ள நின்னு தகட்டுக்குத் தகடு திருப்பறதுதான். அவங்களுக்கு நீளம் பிரச்சினையே இல்ல, முனை லேசா இருந்தாப் போதும்.

இந்த ரெண்டாவது துப்பாக்கியில ரகசியம் ஒண்ணும் இல்ல. உள்ள ரைஃப்லிங் இருக்கற பேரல் 8 இன்ச் சொச்சம்தான். மீதி நீளம் லேசான குழாய், முனையில காம்ப். அதுல ஒரு சின்ன ஆணி (பின்) அடிச்சு, அது மேல வெல்டு வச்சு நிரந்தரமாக்கிட்டா, பேரல் நீளத்துல அதையும் சேர்த்து அளப்பாங்க. போல்ட்டை மூடி, முனையிலருந்து ஒரு குச்சியை போல்ட் முகம் வரைக்கும் விட்டு, அடையாளம் வச்சு, எடுத்து அளக்கறது. 16 வந்தா சாதாரண ரைஃபிள்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. காம்ப் வேலை செய்ய கேஸ் அழுத்தம் வேணும். 16 இன்ச் பயணம் முடிச்சு வர்ற மைனர் லோடுல அந்த அழுத்தம் ரொம்பவே செத்துப் போயிருக்கும். அங்க மாட்டற காம்ப் பெரும்பாலும் முனையில தொங்கற எடைதான், என் பழைய துப்பாக்கியில இருக்கற மாதிரி. 8 இன்ச்சுல வெளிய வர்ற கேஸுக்கு உயிர் இருக்கு, முனை எழும்பாம நிஜமாவே பிடிச்சு வைக்கும். சத்தம் கூடும், பக்கத்துல நிக்கற ஆர்ஓ-வுக்கு (ரேஞ்ச் ஆபீசருக்கு) காதுல கொஞ்சம் அறையும். அது உண்மை.

இந்த வெல்டு விஷயத்துல நான் பட்டதைச் சொல்லியே ஆகணும். முதல் தடவை ஒரு கடையில கொடுத்தேன், பேர் வேண்டாம். வாங்கிட்டு வந்து 25 யார்டுல சுட்டா, அஞ்சு ரவுண்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுது. ரெட் டாட் மவுன்ட் லூஸ்னு நினைச்சேன், இறுக்கினேன். தோட்டாவை மாத்தினேன். அதே கதை. கடைசியில துப்பாக்கியைக் காலி பண்ணி, பேரலைத் தனியாக் கழட்டி, டார்ச் அடிச்சு காம்புக்குள்ள பாத்தா, கடைசி ஓட்டையோட கீழ் விளிம்புல நகக்கீறல் மாதிரி ஒரு செம்புக் கோடு, பளபளன்னு. காம்ப் ஒரு துளி சாய்வா உக்காந்திருக்கு, ஒவ்வொரு புல்லட்டும் அதை உரசிட்டுப் போயிருக்கு. வெல்டை அரைச்சு எடுத்து, வேற இடத்துல புதுசா மாட்ட வேண்டியதாச்சு. காசு ரெண்டு மடங்கு.

"வெல்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டுப் பாத்திருக்கலாமே"ன்னு கேப்பீங்க. கூடாதுங்க! 8 இன்ச் பேரலை, காம்ப் வெறுமனே திருகின நிலையில, ஸ்டாக் இருக்கற ரைஃபிள்ல மாட்டின நிமிஷமே அது பதிவு பண்ணாத எஸ்பிஆர். அது பெடரல் குற்றம். அதனால பேரல் தனியா இருக்கும்போதே கன்ஸ்மித்தை அலைன்மென்ட் ராட் விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ராடு காம்ப் ஓட்டையோட நட்டநடுவுல நிக்கறதை உங்க கண்ணால பாத்துட்டு வெல்டுக்குச் சரி சொல்லுங்க. ஹேண்ட்கார்டை முதல்லயே தேர்ந்தெடுத்துடுங்க. காம்ப் பருமனா இருந்தா, அப்புறம் பேரல் நட்டு கழட்டவே வழி இருக்காது.

எஸ்பிஆராவே பதிவு பண்ணிடலாமான்னா, பண்ணலாம். 1934-லருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1-லருந்து பூஜ்யம். ஆனா வரிதான் போச்சு, பதிவு போகல. ஃபார்ம் 1-ங்கற விண்ணப்பம், கைரேகை, போட்டோ எல்லாம் உண்டு, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் மாட்டணும். வேற ஸ்டேட் மேட்சுக்கு எடுத்துட்டுப் போக முன்னாடியே தனி அனுமதி வாங்கணும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த வழியே கிடையாது. நான் வருஷத்துக்கு நாலஞ்சு வெளி ஸ்டேட் மேட்ச் போறவன், எனக்குப் பின் அண்ட் வெல்டுதான் நிம்மதி.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேட்டுக்குங்க. எச்1பி மாதிரி விசாவுல இருக்கற நம்ம பசங்க நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. அந்த விசாவுல துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கறதை பெடரல் சட்டம் பொதுவாத் தடுக்குது. விதிவிலக்கு இருக்கு, அது உங்களுக்குப் பொருந்துமான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் ரேஞ்சுக்கு வாங்க. நண்பன் துப்பாக்கியை வாங்கிச் சுடறதும் இதுல அடங்கும்.

ஏற்கெனவே கனமான 16 இன்ச் வச்சிருக்கறவங்க அவசரப்பட்டு விக்காதீங்க. முதல்ல முன்பக்கம் தொங்கற லைட்டு, தேவையில்லாத ரெயில், திருகிக் கழட்டற காம்ப், இதெல்லாம் எடுங்க. ஆனா காம்பைத் தொடறதுக்கு முன்னாடி, பேரல் மட்டும் தனியா 16 இன்ச் இருக்கான்னு அளந்து பாத்துடுங்க. காம்ப் இல்லாம மொத்த நீளம் 26 இன்ச்சுக்குக் கீழ இறங்காதான்னும் பாத்துக்குங்க. கழட்டினதையெல்லாம் சமையல் தராசுல வச்சு எடை போடுங்க. விரல்ல நிறுத்தினா இப்ப எங்க நிக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த ஞாயிறு மேட்ச்சுக்கு நானும் இந்தப் பழையதுல காம்பைக் கழட்டிட்டுத்தான் போறேன், ஸ்டேஜ் டைம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டறேன்.