உங்கள் வீட்டு இட்லி அரிசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரி இருக்கிறது

(திரையில்: ஈயப் பாத்திரத்தில் ஊறும் குண்டு அரிசி)

வணக்கம். இன்று காலை உங்கள் வீட்டில் இட்லி அவித்திருந்தால், முந்தைய நாள் ஊறவைத்த அரிசி ஏ.டி.டி. 37 என்ற நெல்லிலிருந்தோ ஏ.எஸ்.டி. 16 என்ற நெல்லிலிருந்தோ வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஏ.டி.டி. என்பது ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்பது அம்பாசமுத்திரம். காவிரிக் கரையில் ஓர் ஊர், தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். இரண்டிலும் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையங்கள் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பிளஸ் டூ முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவமா பொறியியலா என்ற இரண்டே கேள்விகளுக்கு நடுவில் திணறிக்கொண்டிருக்கும் மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும், கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்படிப்பட்டவருக்குப் பொருந்தும் என்று எடுத்துச் சொல்லவே இந்தக் காணொளி.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1971இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கோவைக்காரர்கள் இன்றும் ‘லாலி ரோடு’ என்று சொல்கிறார்களே, அது இந்தக் கல்லூரி கோவைக்கு வந்த காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர்.

இனி நெல்லுக்கு வருவோம், ஏனென்றால் என் வாதம் முழுவதும் நெல்லில்தான் இருக்கிறது.

(திரையில்: தமிழ்நாட்டு வரைபடம், ஒவ்வொரு ஊராக ஒளிர்கிறது)

‘கோ’ என்று தொடங்கும் ரகம் கோவையில் பிறந்தது. ‘டி.கே.எம்.’ என்றால் திருவள்ளூர் பக்கத்துத் திரூர்க்குப்பம். ‘எம்.டி.யு.’ என்றால் மதுரை, ‘டி.ஆர்.ஒய்.’ என்றால் திருச்சி. நெல்லைக் கண்டுபிடித்தவரின் பெயரையோ அமைச்சரின் பெயரையோ வைக்காமல், அது எந்த மண்ணில் தேறியதோ அந்த ஊரின் பெயரையே வைப்பது இங்கே வழக்கம். கடைமடை விவசாயி ஒருவர் “இந்தத் தடவை கோ அம்பத்தொண்ணு போட்டிருக்கேன்” என்று சொல்லும்போது, தாம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு முடிவைச் சொல்கிறோம் என்று அவர் நினைப்பதில்லை. அந்த அளவுக்கு அது அவர் பேச்சில் கலந்துவிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் உழைப்பு அதன் பெயர்கூடத் தெரியாதவர்களின் நாவில் புழங்குவதைவிடப் பெரிய மதிப்பீடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஜி.இ.பி. 24’. இதில் ஊர்ப் பெயர் இல்லை. ‘கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்’, அதாவது அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். 1912இல் கோவையில் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த நெல் 1921இல் உழவர்களுக்குத் தரப்பட்டது. அரிசி அவ்வளவு சன்னம், சோறு அவ்வளவு ருசி. ஆனால் நான் சொல்ல வந்தது ருசியைப் பற்றி அல்ல, இந்த நெல்லின் பேரப்பிள்ளைகளைப் பற்றி.

ஜி.இ.பி. 24ஐக் கோ 18 என்ற நெல்லோடு ஒட்டுச் சேர்த்ததில் பிறந்தது டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பான் என்ற பூச்சியை ஓரளவு தாங்கி நிற்கும் குணம் அதற்கு இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் அந்தக் குணத்தைத் தேடி டி.கே.எம். 6ஐ எடுத்துத் தங்கள் நெல்லோடு சேர்த்தார்கள். அதில் பிறந்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்: ஐ.ஆர். 20. நம் பாட்டிமார்கள் மளிகைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய அந்த ஐ.ஆர். இருபதேதான். திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சுமந்த ஒரு நெல் கடல் கடந்து போய், வேற்று நாட்டுப் பெயரைச் சூடிக்கொண்டு தஞ்சைக்கும் செங்கற்பட்டுக்கும் திரும்பி வந்தது. ஐ.ஆர். என்று தொடங்குவதால் அதை வெளிநாட்டு நெல் என்றே நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அதன் வம்சத்தின் ஒரு கிளை கோவையில் வந்து முடிகிறது என்று அறிந்த நாளில் அடைந்த மகிழ்ச்சியை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பசுமைப் புரட்சிக் காலத்தில் தஞ்சை வயல்களில் புகுந்த ஏ.டி.டி. 27க்கும் ஒரு பக்கம் ஜப்பானிய நெல், மறுபக்கம் இதே ஜி.இ.பி. 24.

பொன்னியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. மலேசியாவில் உருவாக்கப்பட்ட மசூரி என்ற நெல் இங்கே வந்து பொன்னி ஆயிற்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைக் கோவை 1986இல் வெளியிட்டது. உங்கள் வீட்டில் இட்லி குண்டு அரிசி என்றும் சாப்பாடு பொன்னி என்றும் இருந்தால், காலை உணவும் மதிய உணவும் ஒரே பல்கலைக்கழகத்தின் நிலையங்களைத் தொட்டுத்தான் உங்கள் தட்டுக்கு வருகின்றன.

ஒரு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த நெல் நிலையங்களில் பழையவை முன்பு அரசின் வேளாண்மைத் துறையின் கீழ் இருந்து, பிற்பாடு பல்கலைக்கழகத்திடம் வந்தவை. அதேபோல், கரும்பில் நீங்கள் காணும் ‘கோ’வும் கோயம்புத்தூர்தான் என்றாலும் அது பல்கலைக்கழகத்தின் உழைப்பு அல்ல, பக்கத்திலேயே இருக்கும் மத்திய அரசின் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் உழைப்பு. 1912இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் நாட்டுக் கரும்பை ஆற்றங்கரை நாணலோடு சேர்த்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. கரும்பு நன்றாகப் பூப்பதற்குக் கோவையின் தட்பவெப்பம் இசைவாக இருப்பதால், இந்தியா முழுமைக்குமான கரும்பு ஒட்டுகள் இன்றும் இங்கே நடக்கின்றன. தாவர மரபணுவியலில் பெரும்பெயர் பெற்ற ஜானகி அம்மாள் 1930களில் வேலை பார்த்தது அந்த நிறுவனத்தில்தான். இப்படி ஓர் அண்டை வீடு வேறு எந்தக் கல்லூரிக்கும் எளிதில் அமையாது. பயிர்ப் பெருக்கத்தில் ஆர்வம் உள்ள மாணவருக்குக் கோவை வளாகத்தை நான் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

(திரையில்: சேற்றில் வரிசையாக நின்று நாற்று நடும் மாணவர்கள்)

சரி, இந்தப் பெருமையெல்லாம் பதினெட்டு வயதில் உள்ளே நுழையும் ஒருவருக்கு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்பது நியாயம். இங்கே ‘பயிர் உற்பத்தி’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதற்குப் புத்தகம் மட்டும் போதாது. மாணவர்களுக்கு வயலில் பாத்தி ஒதுக்கித் தருகிறார்கள். நாற்றங்கால் விடுவது முதல் நடவு, களையெடுப்பு, உரமிடல், பூச்சி பார்ப்பது, அறுவடை வரை அவர்களே செய்து, கடைசியில் என்ன செலவானது, என்ன விளைந்தது, கையில் என்ன மிஞ்சியது என்று கணக்கும் எழுத வேண்டும். விடியற்காலையில் சேற்றில் இறங்கி நட்டவருக்கு, ஏக்கருக்கு இவ்வளவு விளையும் என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் எத்தனை முதுகுகள் வளைந்திருக்கின்றன என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கும் வயலுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான் என்பதால், காலையில் இலையில் கண்ட புள்ளியை அன்று மதியமே நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். நான் இந்தப் பல்கலைக்கழகத்தைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இந்தத் தூரம்தான்.

நான்காம் ஆண்டில் கிராமத் தங்கல் திட்டம் வருகிறது. மாணவர்கள் இதை ‘ராவே’ என்பார்கள். குழுக்களாகப் பிரிந்து, ஒரு வட்டாரத்தில் பல வாரங்கள் தங்கி, உழவர்களோடு வேலை செய்ய வேண்டும். ஊர்ப் பொது இடத்தில் கோலப்பொடியால் அந்த ஊரின் வரைபடத்தை ஊர்க்காரர்களையே வரையச் சொல்லி, ஏரி எங்கே, மேடு எங்கே, எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்று கேட்டறிவது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. விதை நேர்த்தியைச் செய்து காட்டப் போன மாணவியிடம், “போன வருஷம் இதைச் செஞ்சும் முளைக்கலையேம்மா, ஏன்?” என்று ஒரு பெரியவர் கேட்டால், நான்கு ஆண்டுகளில் எழுதிய எந்தத் தேர்வையும்விடக் கடினமான தேர்வு அது. பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி, பேராசிரியரிடம் கேட்டுவந்து மறுநாள் சொல்வதற்கும் அங்கேதான் பழகுகிறார்கள்.

எனவே, யாருக்குப் பொருந்தாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். உயிரியல் பிடிக்கும், ஆனால் வெயிலும் சேறும் புழுவும் அறவே ஆகாது என்பவருக்கு இளநிலை வேளாண்மை துன்பமாகவே முடியும். மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இங்கே வந்து, அந்த ஏமாற்றத்தை நான்கு ஆண்டுகள் சுமப்பவருக்கும் பொருந்தாது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குடும்பம் மருத்துவக் குடும்பம். விலங்கியலில் ஒரு பட்டத்தையும் பெற்றிருந்தார். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைக் கண்ட பிறகு வேளாண்மைதான் தம் வழி என்று தெளிந்து, கோவை வேளாண் கல்லூரிக்கு வந்து இரண்டாவது பட்டம் படித்தார். பின்னாளில் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வான பிறகும் அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கே போனார். உங்கள் பிள்ளை சுவாமிநாதன் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவராக இல்லாமல், இதையே விரும்பி வந்தவராக இருந்தால் போதும்.

வளாகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். கோவை கிடைக்காவிட்டால் மனம் உடைந்து போகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் வனவியல், பெரியகுளத்தில் தோட்டக்கலை, லால்குடி அருகே குமுளூரில் வேளாண் பொறியியல், மதுரையிலும் தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளத்திலும் வேளாண்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மண் இருக்கிறது. திருச்சி நாவலூர் குட்டப்பட்டுக் கல்லூரியின் நிலம் களர் நிலம். அதனால்தான் களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் அங்கே பிறந்தன. உப்பேறிக்கொண்டிருக்கும் மண்ணைத் திருத்துவதில் ஆர்வம் உள்ள ஒருவருக்கு, வளமான வயலைவிட அந்தக் களர் நிலமே நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து. பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளைத் தவிர இணைவு பெற்ற தனியார் கல்லூரிகளும் உண்டு. அவற்றில் சேர எண்ணினால் கட்டணத்தை மட்டும் விசாரிக்காமல், மாணவர் பயிரிடும் பண்ணையை நேரில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சேர்க்கை, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்ட தரவரிசைப்படி நடக்கிறது. நீட் மதிப்பெண் தேவையில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேளாண் படிப்புகளுக்கும் உண்டு என்பது பல கிராமத்துப் பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். மற்ற விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி ஒரு பெற்றோர் கேட்காமல் இருக்க மாட்டார். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, குடிமைப் பணித் தேர்வுகள், இந்திய வனப் பணி, விதை நிறுவனங்கள், மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று வழிகள் பல. இவற்றில் எதுவும் தானாக வந்து சேராது. போட்டித் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்தே படிப்பவர்களே பெரும்பாலும் தேறுகிறார்கள். சொந்த நிலத்துக்குத் திரும்பிப் போவதையும் ஒரு வேலையாக எண்ணுங்கள் என்று பெற்றோர்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகள் படித்த மகள் தன் தோட்டத்துக்கு வந்து மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து உரத்தைக் குறைத்தால், மிச்சப்படும் பணத்தை அந்தப் பருவத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

(திரையில்: லாலி ரோட்டு வாயில், பின்னால் சிவப்புக் கட்டடம்)

விருப்பக் கல்லூரிப் பட்டியலை நிரப்புவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளையை அழைத்துக்கொண்டு கோவைக்குப் போய்வாருங்கள். 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இருங்கள். அங்கே அவர் கால் நிற்கிறதா நகர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு வயல் பக்கம் போய், அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு மாணவரிடம் அவருடைய பாத்தி எது என்று கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குள் நீங்கள் ஒன்று செய்யலாம். வீட்டு அரிசி மூட்டையையோ வயலுக்கு வாங்கிய விதைப் பையையோ பார்த்து, அதில் என்ன ரகம் என்று எழுதியிருக்கிறதோ அதைக் கருத்துப் பகுதியில் இடுங்கள். அந்த எழுத்துகள் எந்த ஊரைக் குறிக்கின்றன என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.