வேலைதான் ஆளைக் காட்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில இருக்குற அண்ணன்களே, தங்கச்சிகளே, சனிக்கிழமை சாயங்காலம் டிவிய ஆஃப் பண்ணிட்டு எங்க பேச்சைக் கேக்க வந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம். "ஆண்கள் அழகுப் போட்டியில ஜெயிச்சவரோட குணத்தை நமக்குக் காட்டுறது அவர் ஏறின மேடையா, அவர் பார்த்த வேலையா?" இதுதான் தலைப்பு. நான் வேலைதான்னு பேச வந்திருக்கேன், தலைப்பு சொன்ன அன்னிக்கே இந்த அணியக் கேட்டு வாங்கினேன் ஐயா, அவ்ளோ உறுதியா நம்புறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிடறேன். நம்ம ஊர்ல ஆணழகன் போட்டின்னா உடம்புல எண்ணெய் தடவிக்கிட்டு மசில் காட்டுறதுன்னுதான் நினைப்போம், நான் பேசுறது அது இல்ல. மிஸ் வேர்ல்டு நடத்துறவங்களே 1996-ல இஸ்தான்புல்ல மிஸ்டர் வேர்ல்டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அப்புறம் மிஸ்டர் இன்டர்நேஷனல் வந்துச்சு, 2016-ல போலந்துல மிஸ்டர் சுப்ராநேஷனல் வந்துச்சு. கோட்டு சூட்டுல நடக்கணும், மிஸ்டர் வேர்ல்டுல ஸ்போர்ட்ஸ் ரவுண்டும் டேலன்ட் ரவுண்டும் உண்டு, கேள்வி கேட்டா பதில் சொல்லணும்.

எனக்கு முன்னாடி பேசின தம்பி அந்த கேள்வி-பதிலத்தான் பிடிச்சுக்கிட்டார். "லைட்டு கண்ணுல அடிக்குது, இத்தனை பேர் பார்க்குறாங்க, யோசிக்க நேரமே இல்ல, அந்த நொடியில வாயில என்ன வருதோ அதுதான் அவன் மனசு"ன்னு சொல்லி கைதட்டும் வாங்கிட்டார். நல்லா பேசினீங்க தம்பி. ஆனா யோசிக்க நேரம் இல்லாதப்ப வாயில வர்றது மனசு இல்ல தம்பி, பழக்கம். பிலிப்பைன்ஸ் மாதிரி நாடுகள்ல அழகுப் போட்டின்னா திருவிழா, அங்க இதுக்குன்னே ட்ரெய்னிங் கேம்ப் இருக்கு, எப்படி நடக்கணும் எங்க திரும்பணும் எப்ப சிரிக்கணும் கேள்வி வந்தா மொத வரி என்ன சொல்லணும்னு மாசக்கணக்கா பழக்கி அனுப்புவாங்க. அது தப்புன்னு நான் சொல்லல, பரீட்சைக்குப் படிச்சுட்டுப் போற மாதிரிதான். ஆனா மார்க் ஷீட்டக் காட்டி இதுதான் இவன் குணம்னு நம்ம வீட்ல யாராச்சும் பொண்ணு கொடுப்பாங்களா? வேலை பார்க்குற இடத்துல விசாரிப்போம்ல? அக்கம்பக்கத்துல விசாரிப்போம்ல?

அதனால நானும் விசாரிச்சேன் ஐயா. அதே பிலிப்பைன்ஸ்ல ஒருத்தர், நீல் பெரஸ். மணிலாவுல தோண்டோன்னு ஒரு ஏரியா, வீடும் வீடும் ஒட்டிக்கிட்டு நிக்கிற, கஷ்டப்பட்ட ஜனங்க நெருக்கியடிச்சு வாழ்ற இடம், அங்க பொறந்து வளர்ந்தவர். 2014-க்கான மிஸ்டர் இன்டர்நேஷனல் பட்டத்தை ஜெயிச்சார், போட்டி நடந்தது 2015 பிப்ரவரில, தென் கொரியாவுல ஆன்சன்ங்கிற ஊர்ல. அந்தப் பட்டத்தை வாங்கின முதல் பிலிப்பைன்ஸ்காரர் அவர்தான். சரி, பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தார்? போலீஸ்காரர். விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவுல, வெடிகுண்டும் மோப்ப நாயும் சம்பந்தப்பட்ட வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு ஒரு நிமிஷம் பக்கத்துல போய்ப் பாருங்க. வெடிமருந்து தேடுற நாய்க்கு சந்தேகப்பட்ட பெட்டியப் பிராண்டாதேன்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க, ஏன்னா பிராண்டினா வெடிச்சாலும் வெடிச்சிரும். பெட்டி பெட்டியா மோந்துகிட்டே போகும், வாசனை கிடைச்சா அந்தப் பெட்டி பக்கத்துல சத்தமே இல்லாம உக்காந்துரும். அவ்ளோதான் சிக்னல். அந்த நொடி கயிறைப் பிடிச்சிருக்குறவர் கத்தக் கூடாது, ஓடக் கூடாது, கயிறை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, அவர் பதறினா அது கயிறு வழியா நாய்க்குப் போயிரும், நாய் மிரண்டா சுத்தி ட்ராலி தள்ளிட்டு நிக்கிற ஜனங்களுக்குப் போயிரும். மூஞ்சிய மாத்தாம நாயை ஒரு தட்டு தட்டிக் கொடுத்துட்டு கூட்டத்தை நகர்த்தணும். இந்தப் பொறுமைய யார் மார்க் போட்டாங்க? எந்த ஜட்ஜ் உக்காந்திருந்தார்? கைதட்ட ஒரு ஆள் இல்லாத இடத்துல நாள் முழுக்க அப்படி நிக்கிற வேலை ஐயா அது.

எதிரணி அக்கா இப்பவே பேப்பர்ல எழுதிக்கிட்டு இருக்காங்க, என்ன எழுதுறாங்கன்னு எனக்குத் தெரியும். "போலீஸ்காரர்ங்கிற அந்தக் கதையே மேடைக்குப் போட்ட மேக்கப்தானே, அத சொல்லித்தானே பேர் வாங்கினார்"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, இந்த தலைப்புலயே கஷ்டமான கேள்வி அதுதான், நானும் ரெண்டு ராத்திரி யோசிச்சேன். உண்மைதான், வேலையையும் கதையாக்கி விக்கலாம். ஆனா ஒண்ணு பாருங்க, பட்டத்துக்கு முன்னாடி போலீஸ்ல சேர்ந்தவர் பட்டத்துக்கு அப்புறமும் போலீஸ்லதான் இருந்தார். மேக்கப்னா ஷோ முடிஞ்சதும் கலைச்சிருக்கணும்ல? விளம்பரமும் டிவியும் தேடி வர்ற நேரத்துல அந்த யூனிஃபார்மை அவர் கழட்டல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் எனக்கு?

இப்ப நம்ம நாட்டுக்கு வர்றேன். ரோஹித் கண்டேல்வால், ஹைதராபாத். 2015-ல மிஸ்டர் இந்தியா, 2016 ஜூலை 19-ம் தேதி இங்கிலாந்துல சவுத்போர்ட்ல மிஸ்டர் வேர்ல்டு. இந்தியால இருந்து மட்டும் இல்ல, ஆசியாவுல இருந்தே அந்தப் பட்டத்தை ஜெயிச்ச மொத ஆள். நியூஸ்ல எல்லாம் என்ன கேட்டாங்க, என்ன டயட்டு, எத்தனை மணி நேரம் ஜிம்மு, கேர்ள்ஃபிரண்ட் உண்டா. எனக்கு மனசே ஆறல ஐயா. அந்த மனுஷன் அதுக்கு முன்னாடி ஸ்பைஸ்ஜெட்ல கிரவுண்ட் ஸ்டாஃபா இருந்தவர், அப்புறம் டெல் கம்ப்யூட்டர் கம்பெனியில டெக்னிகல் சப்போர்ட்ல இருந்தவர். குணத்தைத் தெரிஞ்சுக்க இதைவிட நல்ல கேள்வி எங்க கிடைக்கும்?

என் சித்தி பையன் நாலு வருஷம் டெக்னிகல் சப்போர்ட்ல நைட் ஷிஃப்ட் பார்த்தான், அதனால இது எனக்கு நல்லாவே தெரியும். காலைல வீட்டுக்கு வர்றப்ப ஹெட்செட் அழுத்தின தடம் முடியில பள்ளமா நிக்கும், கண்ணு செவந்திருக்கும். அவன் சொல்வான், "அக்கா, அந்தப் பக்கம் ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டுவார், நான் மியூட் பட்டனை அழுத்துவேன், ஒரு மூச்சு விடுவேன், மியூட்டை எடுத்துட்டு சொல்லுங்க சார்னு ஆரம்பிப்பேன்"னு. அந்த ஒரு மூச்சு, அந்த மியூட்டுக்கு உள்ள இருக்குற மூணு செகண்டு, அதுல ஒருத்தன் என்ன பண்றான்ங்கிறதுதான் குணம். திருப்பித் திட்டுறவனும் உண்டு, அழுறவனும் உண்டு, தண்ணி ஒரு வாய் குடிச்சுட்டு உண்மையாவே அந்தாளோட கம்ப்யூட்டர் சரியாகணும்னு நினைக்கிறவனும் உண்டு. ஃபிளைட் லேட்டானா கவுன்டர்ல நிக்கிற கிரவுண்ட் ஸ்டாஃபுக்கு அந்த மியூட் பட்டன் கூட கிடையாது, கூட்டம் நேரா மூஞ்சிக்கு எதிர்ல நின்னு கத்தும். லேட்டாக்கினது அந்தப் பையனா? இல்ல. ஆனா பதில் சொல்றது அவன்தான்.

எதிரணியோட ஒரு பாயிண்ட்ட நான் மனசார ஏத்துக்கறேன், மிஸ்டர் வேர்ல்டுல உடம்பை வாட்டி எடுக்குற சவால் ரவுண்டு ஒண்ணு இருக்கு, சோர்ந்து போனப்ப பக்கத்துல இருக்குறவன் கிட்ட எப்படி நடந்துக்கறான்னு அங்க கொஞ்சம் தெரியும். கொஞ்சம்தான். சுத்தி கேமரா இருக்கு, அது ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், சில நாள்ல முடிஞ்சு போற விஷயம்.

இன்னொண்ணு, நம்மள்ல நிறைய பேருக்கு இது தெரியாது. மிஸ்டர் வேர்ல்டு வருஷா வருஷம் நடக்கறது இல்ல. 2016-க்கு அப்புறம் 2019-லதான் மணிலாவுல நடந்துச்சு, அதுக்கு அடுத்தது 2024-ல வியட்நாம்ல. அப்போ ரோஹித் ரெண்டரை வருஷத்துக்கு மேல அந்தப் பட்டத்தைச் சுமந்தார், 2019-ல ஜெயிச்ச இங்கிலாந்துக்காரர் ஜாக் ஹெஸில்வுட் அஞ்சு வருஷத்துக்கு மேல, நடுவுல கொரோனா வேற. மேடை ஒரு ராத்திரி ஐயா. மிச்சம் இருக்குற ஆயிரக்கணக்கான நாள் அது வேலை, பயணம், ஒரே கேள்விக்கு நூறாவது தடவையும் எரிச்சல் இல்லாம பதில். பட்டமே வேலையாத்தான் மாறுது, அதைக்கூட எதிரணி மேடைக் கணக்குல எழுத முடியாது.

2024-ல மிஸ்டர் சுப்ராநேஷனல் ஜெயிச்ச தென்னாப்பிரிக்காவோட ஃபெசீலே முகீசே ஒரு டாக்டர். வெள்ளை கோட்டு போட்ட டாக்டர், நிஜ டாக்டர். வலியில துடிக்கிற ஒருத்தர் பக்கத்துல நின்னு பேசிப் பழகின குரல் அவருக்கு இருக்கு, அந்தக் குரலைத்தான் மேடை அன்னிக்கு கடன் வாங்கிச்சு. நீல் தன்னோட மேடையில அசையாம நின்னாரே, அந்த நிதானமும் ஏர்போர்ட்ல இருந்து வந்ததுதான்னு நான் நம்புறேன்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள், முடிச்சுக்கறேன். அடுத்து பேச வர்ற எதிரணி அக்கா, நீங்க எந்த அழகனைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, எந்த மேடை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவர் ஜெயிச்சதுக்கு முந்தின வருஷம் காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்சார், எந்த பஸ்ல, எந்த வேலைக்குப் போனார்னு இந்த சபைக்கு சொல்லிட்டு ஆரம்பிங்க. நான் கீழ உக்காந்து கேக்கறேன். வணக்கம்.