ஆறு தீவட்டிகள், ஒரு பனிவண்டி

நண்பர்களே, ஆட்டம் தொடங்கக் காசைச் சுண்டுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்ட காசைச் சுண்டப்போவதில்லை. இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டுகிறேன்.

1984 பிப்ரவரியில், அன்றைய யூகோஸ்லாவியாவின் சரயேவோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதை முன்னிட்டு யூகோஸ்லாவியா, 1982 முதலே வெள்ளியில் 100, 250, 500 தினார், தங்கத்தில் 5000 தினார் என நினைவு நாணயங்களை அடித்தது. நாட்டை நெடுங்காலம் ஆண்ட டிட்டோ 1980-இல் மறைந்துவிட்டார். நாட்டுக்குக் கழுத்துவரை கடன். பெட்ரோலுக்குக் கூப்பன், காபிக்குத் தட்டுப்பாடு. அடகுக் கடைக்கு நடையாய் நடக்கிற வீட்டில் ஆடம்பரக் கல்யாணமா என்று கேட்கலாம். நான் கேட்கமாட்டேன். விருந்தை அந்த ஊர் நன்றாகத்தான் நடத்தியது.

முன்பக்கத்தில் நாட்டுச் சின்னம். ஆறு குடியரசுகளுக்கு ஆறு தீவட்டிகள். எரிவதோ ஒரே சுடர். கீழே, 29-11-1943 என்ற, நாடு பிறந்த தேதி.

முதலில் செத்தது அந்தச் சுடர் அல்ல, பக்கத்திலிருந்த மதிப்பு எண். 1990-இல் பத்தாயிரம் பழைய தினாரை ஒரு புதிய தினார் ஆக்கினார்கள். கணக்குப் போடுங்கள்: 5000 தினார் என்று பொறித்த தங்கக் காசின் முகமதிப்பு அரைத் தினார்! தங்கம் தங்கமாகவே இருந்ததால் வைத்திருந்தவர் பிழைத்தார். நோட்டை நம்பியவர் கதி? நாடு உடைந்து செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் மிஞ்சிய 1993-இல், 50,000 கோடி தினாருக்கு ஒரே நோட்டு வந்தது. அதில் இருந்த முகம், பாவம், குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய கவிஞர் ஸ்மாயுடையது.

மறுபக்கம், பல காசுகளில் விளையாட்டுக் காட்சிகள். பனிச்சறுக்கு நடனக் காசைப் பார்த்தால் எனக்கு அந்தப் போட்டி நடந்த செத்ரா அரங்கம்தான் நினைவுக்கு வரும். நாடு உடைந்ததும் சரயேவோ, தனியே பிரிந்த பாஸ்னியாவின் தலைநகரானது; பாஸ்னியச் செர்பியப் படைகள் 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை ஏறக்குறைய நான்கு ஆண்டு நீடித்தது. அந்த அரங்கம் பிணவறையானது. பார்வையாளர் இருக்கைகளின் மரப்பலகைகள் சவப்பெட்டிகளாயின.

இன்னொரு காசில் பாப்ஸ்லெட் பனிவண்டி பாய்கிறது. அது ஓடிய ட்ரெபெவிச் மலைத்தடத்தில் பீரங்கி ஏறி, கீழே இருந்த நகரத்தைக் குறிபார்த்தது. ஆனாலும் 1994-இல், முற்றுகை முடியாதபோதே, நார்வேயின் லில்லிஹாமர் குளிர்கால ஒலிம்பிக்குக்கு பாஸ்னியா ஒரு பனிவண்டி அணியை அனுப்பியது. வண்டியில் நான்கு பேர்: இரண்டு பாஸ்னியாக்குகள் (பாஸ்னிய முஸ்லிம்கள்), ஒரு குரோஷியர், ஒரு செர்பியர்.