எரியாத பல்பும் எட்டு முறை அசைந்த கண்களும்

வணக்கம் நண்பர்களே. வழக்கமாக மாலையில் பதிவு செய்யும் நான், இன்று விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, முகம்கூடக் கழுவாமல் படுக்கையில் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருக்கிறேன். காரணம், என் மடியில் இருக்கும் இந்த எண்பது பக்க நோட்டு. சற்று முன் கண்ட ஒரு கனவை இதில் இப்போதுதான் எழுதி முடித்தேன். காபி குடித்துவிட்டு வந்து எழுதலாம் என்று எழுந்திருந்தால், அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் பாதி கரைந்திருக்கும் என்பது நான்கு ஆண்டுப் பழக்கத்தில் எனக்குத் தெரியும்.

கனவு இதுதான். சிவகங்கைப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் பட்டாசாலையில் நான் நிற்கிறேன். இருட்டாக இருக்கிறது. நிலைக்கதவுக்குப் பக்கத்தில், மரப்பலகையில் பொருத்தியிருந்த கறுப்புக் குமிழ் சுவிட்சைக் கீழே தட்டுகிறேன். 'டக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் குண்டு பல்பு எரியவில்லை. மறுபடியும் தட்டுகிறேன், அப்போதும் எரியவில்லை. அந்த வீட்டை நாங்கள் விற்று 11 ஆண்டுகள் ஆகிவிட்டன, வாங்கியவர் அதை இடித்துவிட்டார், அப்படியிருக்க நான் எப்படி இங்கே நிற்கிறேன் என்ற எண்ணம் அப்போது வந்தது. வந்த மறுநொடியே 'இது கனவு' என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் விழித்துக்கொள்ளவில்லை; கனவும் நின்றுவிடவில்லை.

உறங்கிக்கொண்டிருக்கும்போதே, காண்பது கனவு என்று அறிந்திருக்கும் இந்த நிலையை நீங்கள் 'லூசிட் ட்ரீம்' என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரை 1913இல் எழுதிய ஒரு கட்டுரையின் வழியாகப் பரவலாக்கியவர் ஃபிரெடெரிக் வான் ஏடன் என்ற டச்சு மனநல மருத்துவர். நான் தெளிகனவு என்று சொல்கிறேன். இது சித்தர்களுக்கும் யோகிகளுக்கும் மட்டும் வாய்ப்பதன்று. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த கணக்கின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது தெளிகனவு கண்டிருக்கிறார்கள். 23 விழுக்காட்டினர் மாதத்துக்கு ஒருமுறையாவது காண்கிறார்கள். உங்களில் பலருக்குச் சிறுவயதில், யாரோ துரத்தும்போது 'கனவுதானே' என்று தோன்றிய அந்த நொடி இப்போது நினைவுக்கு வரலாம்.

உறங்குகிறவர் தனக்கு விழிப்புணர்வு இருந்தது என்று பிறகு சொல்வதை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது; எனக்கும் அது நெடுநாள் இருந்தது. விஞ்ஞானிகளும் இதை நம்பவில்லை. பாதி விழிப்பில் வரும் கற்பனை என்றே பலர் ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஐயத்தை உடைத்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதன் எளிமை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. கனவுகள் மிகுதியாக வரும் உறக்கப் பகுதியை 'ரெம்' உறக்கம் என்கிறோம். மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசைவதால் அந்தப் பெயர். அந்த நேரத்தில் உடலின் தசைகளை மூளை கட்டிப்போட்டுவிடுகிறது. கனவில் நாம் ஓடினால் படுக்கையிலிருந்து உண்மையாகவே எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் மூச்சுவிடும் தசையும் கண்களை அசைக்கும் தசைகளும் அந்தக் கட்டுக்குள் அடங்குவதில்லை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கீத் ஹெர்ன் இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டார். அடிக்கடி தெளிகனவு காணும் ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக எட்டு முறை அசைக்க வேண்டும் என்று சொல்லிவைத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்தி அவரை உறங்க வைத்தார். 1975 ஏப்ரல் 12ஆம் நாள் காலையில், எதிரே ஓடிக்கொண்டிருந்த வரைபடத் தாளில், ரெம் உறக்கத்தின் தாறுமாறான கோடுகளுக்கு நடுவே, எண்ணிவைத்தாற்போல் சீரான அலைகள் விழுந்தன. கனவுக்குள்ளிருந்து வெளியே வந்த முதல் தந்தி அதுவே.

இதை அறியாமலே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் என்பவரும் இதே கண் சைகை முறையைத் தன்மீதே சோதித்து, 1981இல் ஆய்விதழில் வெளியிட்டார். உலகம் அறிந்தது அவருடைய பெயரைத்தான். முதலில் செய்தவருக்குப் பெயர் கிடைக்காமல் போவது எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான் போலிருக்கிறது.

இனி நம் படுக்கையறைக்கு வருவோம். கனவில் செத்துப்போனவர் வந்து பேசுகிறார், பள்ளிக்கூடம் பேருந்து நிலையமாக மாறுகிறது, நாம் அதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். ரெம் உறக்கத்தில், சரியா தவறா என்று எடைபோடும் முன்மூளைப் பகுதிகள் சிலவற்றின் செயல்பாடு தணிந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தெளிகனவைக் கற்றுக்கொள்வது என்பது, தூங்கப்போன அந்தக் காவல்காரனை மெல்லத் தட்டி எழுப்புவது. ஓங்கித் தட்டினால் வீடே விழித்துக்கொள்ளும், கனவு போய்விடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நோட்டும் பேனாவும் என்பதுதான் என் பதில். முதல் இரண்டு மாதம் நான் இதைச் செய்யவில்லை. கண்ணில் கட்டிக்கொண்டால் கனவு நேரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கி உணர்த்தும் என்று விளம்பரம் செய்த ஒரு முகமூடியை, எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம், நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். அது மினுக்கும்போதெல்லாம் நான் விழித்துக்கொண்டேன் அல்லது கனவில் ஆம்புலன்ஸைப் பார்த்தேன். பிறகுதான் நோட்டுக்கு வந்தேன். விழித்தவுடன் அசையாமல், கண்ணைத் திறக்காமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைவுபடுத்த வேண்டும். புரண்டு படுத்தால்கூடப் பாதி போய்விடும். பிறகு எழுத வேண்டும். ஒன்றும் நினைவில்லாத நாளில் 'ஒன்றும் நினைவில்லை, மனம் கனமாக இருந்தது' என்றாவது எழுத வேண்டும். எனக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஓர் இரவுக்கு இரண்டு கனவுகள் வரை நினைவில் நிற்கத் தொடங்கின.

அறுபது எழுபது கனவுகள் சேர்ந்த பிறகு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திரும்ப வரும் பொருள்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். என் நோட்டில் மூன்று பேர் மாறாத குடித்தனக்காரர்கள்: அந்தப் பழைய வீடு, படிக்காமல் போய் உட்காரும் கணக்குத் தேர்வு, ஏறத் தவறும் பேருந்து. ஒவ்வொருவருக்கும் இப்படிச் சில அடையாளங்கள் இருக்கும், அவற்றை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. பகலில் கையைப் பார், கடிகாரத்தைப் பார் என்று இணையத்தில் சொல்கிறார்களே, அந்தச் சோதனைகள் வேலை செய்கின்றனவா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேலை செய்யும், ஆனால் எந்திரத்தனமாகச் செய்தால் கனவிலும் எந்திரத்தனமாகச் செய்துவிட்டு நனவுதான் என்று முடிவு கட்டிவிடுவோம். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. எழுத்தை இருமுறை படிப்பது நல்ல சோதனை, கனவில் இரண்டாம் முறை பார்க்கும்போது பேருந்தின் ஊர்ப்பலகை பெரும்பாலும் மாறியிருக்கும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. கனவில் மூக்கைப் பிடித்திருந்தும் காற்று தாராளமாக உள்ளே போவதை முதன்முறை உணர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விளக்குச் சோதனையும் ஒன்று உண்டு. கனவில் சுவிட்சைப் போட்டு விளக்கை எரிய வைக்கும்படி ஹெர்ன் சிலரைக் கேட்டுக்கொண்டபோது பெரும்பாலானவர்களால் முடியவில்லை என்று 1981இல் எழுதினார். ஆனால் மின்தடைக்குப் பழகிப்போன நமக்கு, விளக்கு எரியாதது எந்த ஐயத்தையும் எழுப்பாது, மெழுகுவத்தி எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவோம். இன்று காலை என்னைக் காப்பாற்றியது பல்பு அன்று, வீடு.

அடுத்தது நேரம். ரெம் உறக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் சில நிமிடமே நீடிப்பது விடியலை நெருங்க நெருங்க நீளும். எனவே படுத்து ஐந்து மணி நேரம் கழித்து ஒருமுறை எழுந்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைத்து, அதில் அடையாளம் வந்த இடத்தில் 'இது கனவு' என்று நாம் கண்டுகொள்வதாகக் கற்பனை செய்தபடி, 'அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்று நினைவு கொள்வேன்' என்று பொருளுணர்ந்து சொல்லிக்கொண்டே திரும்பத் தூங்க வேண்டும். இது லபெர்ஜ் வகுத்த முறை. காய்கறிக்கடையில் மறக்காமல் பச்சை மிளகாய் வாங்க வேண்டும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா, அதே நினைவாற்றலைத்தான் இது பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைப் பகல் சோதனைகளோடு சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு இரவுகளில் தெளிகனவு கிடைத்தது. முறையை முடித்த ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிப்போனவர்களுக்கு அது 46 விழுக்காட்டை நெருங்கியது. ஆகவே நடுவில் எழுந்து கைப்பேசியைத் திறக்காதீர்கள்.

கனவு என்று தெரிந்ததும் மகிழ்ச்சியில் துள்ளினால் விழித்துக்கொள்வீர்கள். முதல் ஐந்தாறு முறை எனக்கு அதுதான் நடந்தது. உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே தரையை, சுவரை உற்றுப் பார்த்தால் காட்சி நிலைக்கும்.

இப்போது கட்டுப்படுத்துவதற்கு வருகிறேன். எல்லோரும் ஆவலாகக் கேட்பது இதைத்தான், நான் குறைவாக மதிப்பதும் இதைத்தான். கனவு நம் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை, நம் எதிர்பார்ப்புக்குக் கீழ்ப்படிகிறது. பறக்க வேண்டும் என்று எம்பிய நான் மாதக்கணக்கில் மின்கம்பிகளின் உயரத்தைத் தாண்டவே இல்லை. கம்பியில் பட்டால் ஷாக் அடிக்கும் என்று உள்ளூர அஞ்சினேன், கனவு அந்த அச்சத்தை மதித்துக் கம்பிகளை மேலும் மேலும் நெருக்கிக் கட்டியது. ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் 'வா' என்று கண்ணெதிரே கூப்பிடுவதில் பயனில்லை. அவர் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறார் என்று நம்பிக் கதவைத் திறக்க வேண்டும்.

வெளியுலகோடு பேசுவதுகூட முடிந்திருக்கிறது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தெளிகனவில் இருந்த ஒருவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்க, அவர் உறங்கியபடியே கண்களை இருமுறை இடவலமாக அசைத்து விடை சொன்னார். ஆனால் மொத்தம் 158 முறை கேட்டதில் சரியான விடை வந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

சில எச்சரிக்கைகள். விடியலில் எழுந்து படுக்கும்போது, உடல் கட்டுண்டிருக்க மனம் மட்டும் விழித்துக்கொள்வதுண்டு. நெஞ்சில் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் இருக்கும், நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். அது சிறிது நேரத்தில் தானாக விலகும். மூச்சில் கவனம் வைத்து, கால் கட்டைவிரலை அசைக்க முயலுங்கள். வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தூக்கத்தைக் கலைக்காதீர்கள். நனவு எது கனவு எது என்ற குழப்பம் ஏற்கெனவே உள்ளவர்களும், மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். கேலன்டமின் மாத்திரை தெளிகனவைக் கூட்டுவதாக 2018இல் ஆய்வு வந்தது உண்மை; அது அல்சைமர் நோய்க்குத் தரும் மருந்து என்பதும் உண்மை. நான் தொட்டதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

காலைக் கனவின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கனவு என்று தெரிந்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டு, முற்றத்துக்குப் போகும் கதவுக்குப் பின்னால் அப்பத்தா இருப்பார் என்று நினைத்துத் திறந்தேன். இருந்தார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். நிமிராமலே, "வெளக்க அணைச்சியாடா?" என்று கேட்டார். எரியவே இல்லை அப்பத்தா என்று சொல்ல வாயெடுத்தபோது விழித்துக்கொண்டேன். நோட்டில் கடைசி வரியாக அந்தக் கேள்வியைத்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது, கேமராவில் தெரிகிறதா என்று பாருங்கள்.