மூன்று லட்சம் கையில் இருந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் வடக்கே வன்னியில் வங்கிக் கிளைகளின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இந்த நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் இருக்கிறவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அடிக்கடி சொன்ன ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். "கையில கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு ஐயா. வீட்டுக் கடனுக்குப் போட்டு கெதியா முடிச்சிட்டு, பிறகு பிள்ளையைப் பற்றி யோசிப்பம் எண்டு நினைக்கிறம்."

கேட்க நல்ல பேச்சு. ஆனால் இதற்குள் இரண்டு முடிவுகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக அவிழ்த்துப் பார்த்தால்தான் சரிவரும்.

கடனை விரைவாக முடிக்க வேண்டும் என்ற துடிப்பு எங்கள் பக்கத்தில் கூட இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. போர் முடிந்து மீளக் குடியேறிய பிறகு இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அது நன்கொடை, கடன் அல்ல. ஆனால் மணலும் சீமெந்தும் கூலியும் விற்ற விலையில் அந்தக் காசோடு வீட்டை முடிக்க முடியாமல் பலர் மிச்சத்துக்குக் கடன் பட்டார்கள். அதற்குப் பின்னால் நுண்கடன் கொம்பனிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்தன. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றார்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அது போனது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியில் கொள்கை வட்டியை, அதாவது வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக இருக்கும் வீதத்தை, 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தவர்களின் தவணை எகிறியது. இதையெல்லாம் பார்த்தவர்கள் கடன் என்றாலே எரிச்சல் படுவார்கள். அதில் பிழை சொல்ல மாட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பேனையும் கொப்பியும் பக்கத்தில் இருந்தால் எடுங்கள்.

20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 12 வீத வட்டி, 15 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 24,000 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற 24,000 இல் 20,000 வட்டிக்குப் போகும், நாலாயிரம்தான் வாங்கிய கடன் தொகையில் கழியும். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகு பார்த்தால், கட்டியது எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம். ஆனால் கடன் மீதி இன்னும் 18 லட்சத்துக்கு மேலே நிற்கும். இந்த இடத்தில்தான் பலருக்கு நெஞ்சு பொறுக்காது. வங்கி ஏமாற்றுகிறது என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஏமாற்று இல்லை, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போடுகிற முறையே அப்படித்தான்.

இப்போது கையில் மூன்று லட்சம் இருக்கிறது. அதைக் கடனுக்குப் போட்டுவிட்டுத் தவணையை மாற்றாமல் கட்டினால், மிச்சமிருக்கும் 144 தவணைகள் 102 ஆகக் குறையும். மூன்றரை வருடம் முன்னதாகவே கடன் முடியும். மிச்சமாகும் வட்டி ஏழு லட்சத்தைத் தாண்டும். இந்த எண்ணைக் கேட்டால் யாருக்கும் உடனே வங்கிக்கு ஓடத்தான் தோன்றும்.

ஓடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் கொஞ்சம் பார்ப்போம். மனைவி அரச பாடசாலையில் ஆசிரியை, சம்பளம் அறுபதாயிரம் என்று வையுங்கள். பிள்ளை பிறந்தால் அரச ஊழியருக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு லீவு. அதற்குப் பிறகு வேண்டுமென்றால் இன்னும் 84 நாள் அரைச் சம்பளத்தில் எடுக்கலாம். அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமில்லாமல். பிள்ளையைப் பார்க்க அம்மாவோ மாமியோ பக்கத்தில் இல்லாதவர்கள் கடைசி நாள்வரை எடுக்கத்தான் பார்ப்பார்கள். அரைச் சம்பளமும் சம்பளமில்லாததுமாக அந்த ஆறு மாதத்துக்குக் கிட்டிய காலத்தில் வீட்டுக்கு வராமல் போகும் காசு எவ்வளவு? ஏறக்குறைய இரண்டரை லட்சம். சம்பளத்தில் வெட்டுகிற கடன் என்றால், சம்பளம் வராத மாதத்தில் தவணையை நீங்களே கொண்டுபோய்க் கட்ட வேண்டும். வங்கிக்குப் பிரசவம் என்று ஒரு மாதம் கிடையாது.

தனியார் துறையில், உதாரணத்துக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு 84 நாள் சம்பள லீவோடு உரிமை முடிகிறது. அதற்குப் பிறகு பலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

கிளினிக்குக்கும் அரச ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் காசு கட்டத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ உட்கிராமத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடித்து வர வேண்டும். ஏதும் சிக்கல் என்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றிவிட்டால், கூட நிற்கிறவருக்குச் சாப்பாடு, தங்க இடம், போக்குவரத்து. இந்தச் செலவுக்கு ஆஸ்பத்திரி பில் எதுவும் வராது, அதனால் யாரும் முன்கூட்டியே கணக்கில் போடுவதும் இல்லை.

ஆக, கையில் இருக்கிற மூன்று லட்சத்துக்கு இரண்டு இடத்தில் தேவை இருக்கிறது. அதை வீட்டுக் கடனுக்குள் போட்டுவிட்டால் நினைத்த மாதத்தில் திரும்ப எடுக்க முடியாது. அப்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காப்பு அடைவுக்குப் போகும், பிறகு தாலிக்கொடி போகும், அதுவும் போதாவிட்டால் நுண்கடன்காரருக்குப் போன் போகும். 12 வீதக் கடனைக் குறைக்கப் போய் அதைவிடக் கூடின வட்டிக்குக் கடன் படுவதில் என்ன இலாபம்?

அப்படியானால் காசைச் சும்மா வைத்திருப்பதில் நட்டமில்லையா என்று கேட்பீர்கள். நட்டம் இருக்கிறது, அதையும் கணக்குப் பார்க்கலாம். மூன்று லட்சத்தை ஒன்றரை வருடம் பிந்திப் போட்டால் 12 வீதப்படி ஏறக்குறைய 59,000 ரூபாய் கூடுதல் வட்டி போகும். அதே காசை 8 வீத வட்டிக்கு வைப்பில் போட்டு வைத்தால் வரி கழித்து 32,000 அளவில் திரும்ப வரும். உண்மையான நட்டம் இருபத்தைந்தாயிரம், இருபத்தேழாயிரம். கர்ப்ப காலமும் பிள்ளையின் முதல் மாதங்களும் நகை வீட்டில் இருக்கக் கழிவதற்கு இது பெரிய விலை என்று நான் நினைக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதைக் கொண்டுபோய்க் கடனில் போடுங்கள். ஒரே நீண்ட கால வைப்பில் மொத்தத்தையும் பூட்டி வைக்காமல் மூன்று மாத வைப்புகளாகப் பிரித்து வைப்பது வசதி.

இதற்கு விலக்கும் உண்டு. நுண்கடன், லீசிங், அடைவு என்று வேறு கடன் இருந்தால், பிள்ளை வருமுன் அவற்றை அடைத்துவிட வேண்டும். வீட்டுக் கடன் கடைசியாக நிற்கட்டும். அரச ஊழியருக்கான சலுகை வட்டிச் சொத்துக் கடன் வைத்திருப்பவர்கள் முன்கூட்டிக் கட்டும் பேச்சையே எடுக்க வேண்டாம், வைப்பு வட்டி அதைவிடக் கூட இருக்கும்வரை. கனடாவிலிருக்கும் மாமா "முதலில கடனை முடியடா" என்று காசு அனுப்பினால், அவருக்கும் இந்தக் கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். தூரத்தில் இருந்து பார்க்கும்போது கடன்தான் தெரியும், அரைச் சம்பளம் தெரியாது.

வயல்காரருக்குக் கணக்கு வேறு. காசு காலபோகத்துக்கு ஒருமுறை வரும், தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்கு இன்னொருமுறை. வங்கி மாதாமாதம் கேட்கும். அறுவடைக் காசு வந்த கையோடு மொத்தமாக முற்கூட்டிக் கட்ட ஆசை வரும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். அடுத்த போகத்துக்கான விதை, உரம், உழவுக் கூலி, அதோடு அடுத்த அறுவடை மட்டுமான தவணை, இவ்வளவையும் ஒதுக்கிய பிறகுதான் மிச்சம்.

சரி, கடைசியில் காசைப் போடத் தீர்மானித்துவிட்டீர்கள். கிளைக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் எவ்வளவு? கட்டினால் காலம் குறையுமா, தவணை குறையுமா? முன்பு சொன்ன ஏழு லட்ச இலாபம் காலத்தைக் குறைத்தால் வருவது. காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால், 24,000 ஏறக்குறைய 20,000 ஆகும். மிச்சமாகும் வட்டி இரண்டே முக்கால் லட்சத்துக்குள் நின்றுவிடும். கொப்பியில் பார்த்தால் முதலாவதுதான் வெல்லும். ஆனால் பால்மாவும் பம்பர்ஸும் வாங்குகிற வீட்டில் மாதம் நாலாயிரம் குறைவது சின்ன விஷயமில்லை. நான் என்றால் தவணையைக் குறைத்து எழுதுவித்து, முடிகிற மாதங்களில் மேலதிகமாகக் கட்டுவேன். உங்கள் வங்கி அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்த மற்ற முடிச்சு. கடன் முடியும்வரை பிள்ளையைத் தள்ளிப்போடுவது. இதைச் சொல்ல நான் டொக்டர் இல்லை. என்றாலும் கணக்காகவே பார்ப்போம். போர் முடிந்த 2009 இல் 18 வயதாக இருந்தவர் இன்று 35 ஐ ஒட்டி நிற்கிறார். இடம்பெயர்வில் படிப்புப் போய், பிறகு உழைத்து, பிந்திக் கல்யாணம் செய்தவர்கள் எங்கள் மாவட்டங்களில் நிறையப் பேர். பெண்ணுக்கு 35 இற்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. கடனை மூன்றரை வருடம் முன்னதாக முடிக்கலாம், பத்து வருடம் பிந்தியும் முடிக்கலாம். வயதுக்கு அந்த வசதி இல்லை. குழந்தைப்பேறு சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அலைந்தவர்கள் மிச்சம் பிடித்த வட்டியை எங்கே விட்டார்கள் என்று அவர்களையே கேளுங்கள். கடன் இருக்கும்போதே பிள்ளையும் வரலாம். தவணை கட்டத் தெரிந்த குடும்பத்துக்கு அது சமாளிக்கக்கூடியது.

பிள்ளை வரப்போகிறது என்றால் கடன் கோவையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடன் காப்புறுதி யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில் மட்டும் இருந்து, தவணையில் பாதி மனைவியின் சம்பளத்தால் போகிறது என்றால் அது பாதிக் காப்புத்தான். பிணை நின்ற இரண்டு பேரையும் மறக்க வேண்டாம். நீங்கள் தவறினால் அவர்கள் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்.

பேர்மிட் காணியில், அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியில், வீடு கட்டியிருப்பவர்களுக்கு இன்னொன்று. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை, உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, பதிந்தீர்களா? காணி அபிவிருத்திச் சட்டப்படி, பேர்மிட்காரர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கு உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, அதன்பின் நியமித்தவருக்கு. யாரையும் நியமிக்காவிட்டால் சட்டத்தின் வரிசைப்படி போகும். 2022 இல் திருத்தும்வரை அந்த வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எடுக்கிற கிழமையிலேயே இந்த அலுவலையும் முடிக்கலாம்.

உறுதிக் காணியை ஈடு வைத்தவர்கள் கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். உறுதியைக் கையில் வாங்குங்கள், ஈட்டை நீக்கும் பத்திரத்தை நொத்தாரிசு மூலம் எழுதுவித்துக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அது பதியப்படும்வரை பதிவேட்டில் உங்கள் காணி ஈட்டில்தான் கிடக்கும்.

நன்றி, வணக்கம்.